பாட்டுக்கு வாணம் விடலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழ்ல, அமெரிக்காவுல ஆபீஸ் போறவங்க, லாரி ஓட்டுறவங்க, டீச்சர்னு சாதாரண ஜனங்க பாட்டோட தாளத்துக்குச் சேர்ற மாதிரி வாணவேடிக்கை டிசைன் பண்ணி தங்களோட சொந்த நிலத்துல விடுறதை ஒரு ஹாபியாவே வச்சிருக்காங்கன்னு எழுதியிருந்தேன். ஒஹாயோவுல நானும் நண்பர்களோட சேர்ந்து அதைத்தான் பண்ணிட்டிருக்கேன். அதுக்கு நிறைய கேள்வி வந்திருக்கு, ஒரே மாதிரி வந்ததை எல்லாம் சேர்த்து இங்க பதில் சொல்றேன்.

கேள்வி: பாட்டு ஓடிட்டே இருக்கும்போது ஒரு ஆள் எத்தனை திரியைத்தான் ஓடி ஓடிப் பத்த வைக்க முடியும்? தாளத்துக்கு எப்படி சரியா வருது? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: யாருமே ஓடுறதில்ல சார். ஷோ நடக்குறப்ப வாணம் வச்சிருக்குற இடத்துல ஒரு ஆள்கூட இருக்க மாட்டாங்க. ஒவ்வொரு வாணத்தோட திரியிலயும் இக்னைட்டர்னு ஒரு சின்ன சாமான் மாட்டியிருக்கும், அதுல கரண்ட் பாய்ஞ்சா சூடாகி திரி பத்திக்கும். அந்த ஒயரெல்லாம் மாட்யூல்னு ஒரு பெட்டிக்கு வந்து சேரும், பெட்டிக்கு தூரத்துல இருந்து வயர்லெஸ் ரிமோட்டு கட்டளை அனுப்பும். ஹாபிக்காரங்க நிறைய பேர் வச்சிருக்குறது கோப்ரா சிஸ்டம், அதுல ஒரு மாட்யூலுக்கு 18 க்யூ, அதாவது 18 தடவை தனித்தனியா ஃபயர் பண்ணலாம். நாலஞ்சு மாட்யூல் சேர்த்தாலே ஒரு பாட்டுக்குத் தாராளமா போதும்.

வேலை எல்லாம் கம்ப்யூட்டர்லதான். ஃபினாலே 3டின்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, அதுல பாட்டைப் போட்டா அலை அலையா கீழ தெரியும், எந்த இடத்துல எந்த வாணம் விரியணும்னு நாம வச்சிட்டே போகலாம், ஸ்க்ரீன்லயே ராத்திரி வானத்துல விரியுற மாதிரி ஓட்டியும் பார்க்கலாம். ஆனா நீங்க கேட்ட தாளம் சேர்ற விஷயம் இருக்கே, அது சாஃப்ட்வேர் வாங்கினா தானா வந்துடாது. பட்டனை அமுக்குன நிமிஷம் வேற, வாணம் மேல விரியுற நிமிஷம் வேற. அமெரிக்காவுல கடையில விக்குற வாணத்தோட திரி குறைஞ்சது 3 செகண்ட், அதிகபட்சம் 9 செகண்ட் எரியணும்னு சட்டமே இருக்கு, கொளுத்துறவன் தள்ளிப் போக டைம் வேணும்ல, அதுக்காக. 3க்கும் 9க்கும் நடுவுல எவ்வளவு வித்தியாசம்! நிமிஷத்துக்கு 120 தாள அடி விழுற பாட்டுன்னா ஒரு அடி வெறும் அரை செகண்ட்தான். இது போக ஷெல்லு (குழாயில போட்டு மேல அனுப்புற குண்டு) குழாயை விட்டுக் கிளம்பி மேல போய் விரிய இன்னொரு ரெண்டரை செகண்ட் வாக்குல ஆகும். அதனால ஒவ்வொரு வகை வாணத்துலயும் ரெண்டு மூணை முன்னாடியே தனியா விட்டு, போன்ல வீடியோ எடுத்து, ஃப்ரேம் ஃப்ரேமா ஓட்டி, கரண்ட் பாய்ஞ்சதுல இருந்து விரியுற வரைக்கும் எவ்வளவு நேரம்னு குறிச்சு வச்சுக்கணும். அந்த நேரத்தை சாஃப்ட்வேர்ல எழுதிட்டா அதுவே கழிச்சுக்கிட்டு முன்கூட்டியே ஃபயர் பண்ணிடும். வாணத்தை விடுறதைவிட இந்தக் கணக்கெடுக்குற வேலைக்குத்தான் மாசக்கணக்கா ஆகும், எனக்கு அதுலதான் ருசியே.

கேக்னு சொல்ற பல குழாய் பெட்டி (நம்ம ஊர்ல ஷாட்ஸ்னு விப்பாங்களே அந்த மாதிரி) ஒரு தடவை பத்திக்கிட்டா அதோட வேகத்துலதான் ஓடும், நம்ம பாட்டுக்கு அடங்காது. அதை பின்னணிக்குத்தான் வச்சுக்கணும். அடிக்கு அடி விழணும்னா மைன், காமெட் ரெண்டும்தான் கைகொடுக்கும். மைன்ங்கறது தரையில இருந்தே ஒரே வீச்சா பொரிஞ்சு மேல எழும்பும், ஏறுற நேரம்னு ஒண்ணு கிடையாது, மத்தளம் விழுற இடத்துல அப்படியே வைக்கலாம். காமெட்ங்கறது வால் நட்சத்திரம் மாதிரி ஒத்தை வெளிச்சமா வாலோட ஏறுறது.

கேள்வி: ஒளி முதல்ல வரும், சத்தம் லேட்டா வரும்னு ஸ்கூல்ல படிச்சிருக்கோம். அப்போ பாட்டோட எதைச் சேர்க்குறீங்க, வெளிச்சத்தையா வெடியையா? (திருநெல்வேலி, கல்லூரி மாணவர்)

பதில்: நல்ல கேள்வி தம்பி. வெளிச்சத்தைத்தான். சத்தம் செகண்டுக்கு சுமாரா 340 மீட்டர் போகும், 100 மீட்டர் தள்ளி உக்காந்திருக்கவங்களுக்கு வெடிச்சத்தம் கிட்டத்தட்ட 0.3 செகண்ட் லேட்டாத்தான் வந்து சேரும். அதனால ஸ்பீக்கரை ஜனங்க பக்கத்துல வைக்கிறோம், பாட்டு காதுல விழுற அதே நேரம் கண்ணுல பூ விரியும், வெடி கொஞ்சம் பின்னால வந்தாலும் மனசு அதைப் பொறுத்துக்கும். ஸ்பீக்கரை வாணத்துக்குப் பக்கத்துல கொண்டு போய் வச்சா வெடியும் பாட்டும் சேர்ந்து வரும், ஆனா கண்ணுக்குத் தெரியுறது முந்திடும், பாக்குறவங்களுக்கு என்னமோ சரியில்லன்னு தோணிட்டே இருக்கும்.

இன்னொண்ணு, ப்ளூடூத் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். அதுல பாட்டு கண்ணுக்குத் தெரியாம 100, 200 மில்லிசெகண்ட் பின்னால போகும், மாசக்கணக்கா பார்த்துப் பார்த்து வச்ச டைமிங் அங்கேயே போயிடும். ஒயர் போட்டு இழுங்க. ஆடியோ ஃபைல்ல ஒரு சேனல்ல பாட்டு, இன்னொரு சேனல்ல டைம்கோடு (பாட்டு எந்த செகண்ட்ல ஓடுதுன்னு சொல்ற சிக்னல்), அந்த டைம்கோடு நேரா ஃபயரிங் சிஸ்டத்துக்குப் போகும், பாட்டு மட்டும் ஸ்பீக்கருக்குப் போகும். இப்படி வச்சா பாட்டு எங்க இருக்கோ அங்கதான் வாணமும் இருக்கும்.

கேள்வி: எந்த மாதிரி பாட்டு இதுக்கு சரியா வரும்? தமிழ்ப் பாட்டுக்கு யாராவது பண்றாங்களா? நாதஸ்வரத்துக்குப் பண்ண முடியுமா? (மயிலாடுதுறை வாசகி)

பதில்: வேகமான பாட்டுதான் வேணும்னு எல்லாரும் நினைக்கிறாங்க, நான் அப்படி நினைக்கலம்மா. வேகமான பாட்டுல எல்லா அடிக்கும் வாணம் வச்சா ஒண்ணரை நிமிஷத்துல கண்ணு சலிச்சிடும், வானம் முழுக்க புகை, எதுவுமே தெரியாது. ஏத்த இறக்கம் இருக்குற பாட்டுதான் வேணும். மெதுவா ஆரம்பிச்சு, ஒரு இடத்துல நின்னு, அப்புறம் கொட்டுற மாதிரி. பாட்டு நிக்குற இடத்துல வானமும் இருட்டா இருக்கணும், ரெண்டு மூணு செகண்ட் ஒண்ணுமே இல்லாம. புதுசா பண்றவங்களுக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்குறதுதான் ரொம்பக் கஷ்டம், காசு போட்டு வாங்கினதை எல்லாம் விட்டுத் தீர்க்கணும்னு ஒரு அவசரம். தனி ஆவர்த்தனத்துல மிருதங்கக்காரர் எங்க கையைத் தூக்கி நிறுத்துறாரோ அங்கதான சபையே மூச்சைப் பிடிச்சுக்குது, இதுவும் அப்படித்தான். நூறு வாணம் வாங்கினா முப்பதைக் குறைச்சுட்டு அந்த இடத்தைக் காலியா விடுங்கன்னுதான் யார் கேட்டாலும் சொல்றேன்.

நாதஸ்வரத்துக்கு நல்லா வரும். சாமி புறப்பாட்டுல மல்லாரி வாசிக்குறப்ப தவில் கொட்டு காலம் மாறிப் போறதைக் கேட்டிருப்பீங்க, அந்தக் காலம் மாறுற இடம் ஒவ்வொண்ணும் கலர் மாத்துறதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். நீள சுரத்துக்கு வில்லோ, அதாவது தங்கநிறத்துல தொங்கித் தொங்கி மெதுவா இறங்குற வாணம். தவிலுக்கு மைன். நம்ம ஊர் திருவிழாவுல வாசிப்பும் வாணமும் ஒரே ராத்திரியில நடந்தாலும் வாணக்காரர் தன் போக்குல விடுவாரு, வாசிக்கிறவர் தன் போக்குல வாசிப்பாரு, ரெண்டையும் கணக்குப் போட்டு ஒட்டுறதுதான் இந்த ஹாபி.

கலரைப் பத்தி ஒரு வார்த்தை. சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், பச்சைக்கு பேரியம், மஞ்சளுக்கு சோடியம், நீலத்துக்கு செம்பு. இதுல நீலம்தான் ரொம்பக் கஷ்டம், சூடு கொஞ்சம் கூடினாலும் அந்த செம்புச் சேர்மம் உடைஞ்சு கலர் வெளுத்துடும். நல்ல நீலம் கிடைச்சா அதைக் கூட்டத்துல கலக்காம பாட்டுல தனியா ஒரு இடம் பார்த்து வைங்க.

கேள்வி: என் பையன் ஒஹாயோவுல இருக்கான். வருஷா வருஷம் ஜூலை 4 அமெரிக்க சுதந்திர தினத்துக்கு வாணம் விடுவானாம், இப்ப ரிமோட் சிஸ்டம் வாங்கி பாட்டுக்கு விடப்போறேன்னு சொல்றான். எனக்கு பயமா இருக்கு, வேணாம்னு சொல்லவா? (சென்னை வாசகி)

பதில்: அம்மா, உங்க பயம் நியாயமானது. அமெரிக்க அரசோட நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கணக்குப்படி 2022ல மட்டும் வாணத்தால 11 பேர் செத்திருக்காங்க, சுமார் 10,200 பேர் அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க. ஆனா உங்க பையன் கையில ஊதுபத்தி வச்சுக் குனிஞ்சு பத்த வைக்கிறதைவிட ரிமோட்ல தூரத்துல நின்னு விடுறது எவ்வளவோ பரவாயில்ல. வேணாம்னு சொல்றதுக்குப் பதிலா நான் சொல்ற சில விஷயத்தை அவன்கிட்ட கேளுங்க, அவன் பதில் சொல்றதுலயே உங்களுக்குத் தெரிஞ்சுடும்.

கேக் பெட்டியை எப்படி நிறுத்துறேன்னு கேளுங்க. புல்தரையில சும்மா வச்சா, பாதி ஓடுறப்ப உதைச்சுச் சாஞ்சுடும், அப்புறம் மிச்ச குழாயெல்லாம் ஜனங்களைப் பார்த்துச் சுடும். பலகையில இறுக்கிப் பிடிச்சு, சுத்தி மணல் மூட்டை வச்சிருந்தா ஆள் பொறுப்பானவன்னு அர்த்தம். ஜனங்க எவ்வளவு தூரத்துல உக்காருவாங்கன்னு கேளுங்க, நாங்க மேல போய் விரியுற வகைக்கு 150 அடிக்குக் குறைச்சு யாரையும் உக்கார வைக்கிறதில்ல. லைசென்ஸ்காரங்க விடுற பெரிய ஷெல்லுக்கு விதி இன்னும் கடுமை, ஷெல்லோட அகலத்துல ஒவ்வொரு இஞ்சுக்கும் 70 அடி, 3 இஞ்சுன்னா 210 அடி. அப்புறம் முக்கியமா, பத்தாம போன வாணத்தை என்ன பண்ணுவேன்னு கேளுங்க. திரும்பப் பத்த வைப்பேன்னு சொன்னா உடனே வேணாம்னு சொல்லிடுங்கம்மா. சிஸ்டத்தை ஆஃப் பண்ணி, ரிமோட் சாவியை எடுத்து பாக்கெட்டுல போட்டு, நல்ல நேரம் காத்திருந்து, தண்ணியில நனைச்சுத்தான் அதைத் தொடணும். குழாய் மேல தலையையோ கையையோ நீட்டவே கூடாது, ஒயர் மாட்டுறப்பகூட பக்கவாட்டுல நின்னுதான் மாட்டணும்.

காத்து பலமா அடிச்சா அன்னைக்கு ஷோ கிடையாது, எத்தனை பேர் வந்து உக்காந்திருந்தாலும் சரி. சுத்தமா காத்தே இல்லன்னாலும் புகை நகராம நின்னு எல்லாத்தையும் மறைச்சிடும், ஜனங்க பக்கம் வராம வேற பக்கமா புகையைத் தள்ளுற லேசான காத்துதான் நாங்க வேண்டிக்கிறது.

கேள்வி: இதுக்கு லைசென்ஸ் வேணாமா? (கிளீவ்லேண்ட் வாசகர்)

பதில்: எதை விடுறோம்ங்கறதைப் பொறுத்தது. கடையில பொதுமக்களுக்கு விக்குறது 1.4ஜி வகை, பெரிய ஷோவுக்கானது 1.3ஜி வகை, ரெண்டாவதை வாங்கி விட, வெடிபொருளைக் கண்காணிக்குற மத்திய அரசுத் துறையான ஏ.டி.எஃப்கிட்ட லைசென்ஸோ பெர்மிட்டோ வாங்கணும். முதல் வகையில ஒரு கேக்ல மொத்தமா 500 கிராம் மருந்துக்கு மேல இருக்கக் கூடாது, குழாயில போட்டு விடுற ஷெல்லுன்னா 60 கிராம். இதுக்குள்ளயே அருமையான ஷோ பண்ணலாம். ஆனா ஒண்ணு கவனிங்க, புரொஃபஷனல்ஸ் வச்சிருக்குற ஈ-மேட்ச்ங்கற கரண்ட் தீக்குச்சிக்கும் லைசென்ஸ் வேணும், அதுல மருந்து இருக்கு. அதனாலதான் ஹாபிக்காரங்க மருந்தில்லாத கிளிப் மாதிரி மாட்டுற இக்னைட்டர் வச்சுக்கறாங்க, அது திரியைப் பத்த வைக்கவே கொஞ்சம் நேரம் எடுக்கும், அந்த நேரத்தையும் டெஸ்ட் பண்ணிக் கணக்குல சேர்க்கணும்.

நம்ம ஒஹாயோவுல ஒரு காலத்துல கூத்து நடந்துச்சு, வாணம் வாங்கலாம் ஆனா 48 மணி நேரத்துல மாநிலத்தை விட்டு வெளிய கொண்டு போயிடுவேன்னு கையெழுத்துப் போடணும். 2022 ஜூலையில இருந்து சில பண்டிகை நாள்ல சொந்த இடத்துல விடலாம்னு சட்டம் மாறிடுச்சு, அந்தப் பட்டியல்ல ஜூலை 4, புத்தாண்டோட தீபாவளியும் இருக்கு. அதைப் படிச்சப்ப எனக்கு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. ஆனா அந்தந்த ஊர் நிர்வாகம் இதைத் தடை பண்ணிக்கலாம், அதனால உங்க ஊர்ல என்ன நிலைமைன்னு ஃபயர் டிபார்ட்மெண்ட்ல கேட்டுக்கங்க. குடிச்சிட்டு விடக் கூடாதுன்னும் சட்டத்துலயே இருக்கு. வேற மாநிலத்துல வேற கதை, மாசசூசெட்ஸ் மாதிரி இடத்துல பொதுமக்கள் எதையுமே விட முடியாது.

கேள்வி: லண்டன் பக்கம் இருக்கோம், சின்னத் தோட்டம். தீபாவளிக்கு இப்படிப் பண்ண முடியுமா? (ஹாரோ வாசகர்)

பதில்: அங்க வாணத்து மேல வகை போட்டிருக்கும், எஃப்2ன்னு போட்டிருந்தா பாக்குறவங்க குறைஞ்சது 8 மீட்டர், எஃப்3ன்னா 25 மீட்டர் தள்ளி நிக்கணும், எஃப்4 புரொஃபஷனல்ஸுக்கு மட்டும். சின்னத் தோட்டத்துல எஃப்3க்கு இடம் பத்தாது, அதை மறந்துடுங்க. சாதாரண நாள்ல ராத்திரி 11 மணியோட நிறுத்தணும், தீபாவளி அன்னைக்கு 1 மணி வரைக்கும் விடலாம். எஃப்2லயே ஃபவுண்டன் வகை நல்லா இருக்கும், நாலஞ்சை வரிசையா வச்சு ஒரு மெல்லிசைக்கு ஒண்ணொண்ணா எழுப்புங்க, சத்தமும் குறைவு, பக்கத்து வீட்டு நாயும் பயப்படாது.

கேள்வி: நீங்க அங்க விடுறதெல்லாம் எங்க ஊர் சரக்கா? இங்க நானும் இப்படிப் பண்ணலாமா? (சிவகாசி வாசகர்)

பதில்: அமெரிக்கக் கடையில இருக்குறதுல பெரும்பகுதி சீனாவுல இருந்து வருது, அதுலயும் ஹூனான் மாகாணத்துல லியூயாங்னு ஒரு ஊர், உங்க சிவகாசி மாதிரி ஊரே வாணத்தால வாழுற ஊரு. சிவகாசிச் சரக்கை வச்சு இங்க ஒரு ஷோ பண்ணணும்னு எனக்கு ஆசை உண்டு.

அங்க பண்ணலாமான்னு கேட்டீங்க. சுப்ரீம் கோர்ட்டு 2018 அக்டோபர் தீர்ப்புல பசுமைப் பட்டாசு மட்டும்தான், பேரியம் கூடாது, சரவெடி கூடாது, தீபாவளிக்கு 2 மணி நேரம்தான்னு சொல்லிடுச்சு, தமிழ்நாட்டுல அதை காலைல 6ல இருந்து 7, சாயங்காலம் 7ல இருந்து 8னு பிரிச்சாங்க. அந்த நேரத்துக்குள்ள, காலி மைதானத்துல, கடைல பில்லு போட்டு வாங்கினதை வச்சு ஒரே ஒரு பாட்டுக்குப் பண்றது ஒண்ணு. மத்த நாள்ல பெரிசா பண்றதுன்னா லைசென்ஸ் உள்ள வாணக்காரர்கிட்ட சேர்ந்து, அனுமதி வாங்கித்தான். வீட்டுல மருந்து கலக்குறது, வாணத்தைப் பிரிச்சு மாத்திக் கட்டுறது, இதைப் பத்தி எழுதிக் கேட்டவங்களுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன். அந்த வேலைல எத்தனை குடும்பம் அழிஞ்சிருக்குன்னு எனக்கு முன்னாடியே உங்க ஊருக்குத் தெரியும். 2016ல கேரளாவுல புற்றிங்கல் கோயில் வெடிவிபத்துல நூறு பேருக்கு மேல போனாங்க.

நெருப்பே இல்லாம ஆரம்பிக்க ஒரு வழி இருக்கு. சாஃப்ட்வேர்ல மட்டும் டிசைன் பண்ணி, ஸ்க்ரீன்ல ஓட்டி, ரெக்கார்ட் பண்ணி நண்பர்களுக்குக் காட்டுங்க. உலகத்துல நிறைய பேர் அதை மட்டுமே பண்றாங்க, எங்க குழுவுல புதுசா வர்றவங்களும் முதல்ல அதைத்தான் பண்ணணும்.

கேள்வி: பாட்டையும் வாணத்தையும் சேர்க்குற யோசனை எப்ப வந்துச்சு? (புதுச்சேரி வாசகர்)

பதில்: ரொம்பப் பழசு. 1749 ஏப்ரல் 27ல லண்டன் கிரீன் பார்க்ல, ஒரு போர் முடிஞ்ச சமாதானத்தைக் கொண்டாட ராஜா பெரிய வாணவேடிக்கை வச்சாரு, அதுக்குன்னே ஹேண்டல்ங்கற இசையமைப்பாளர் இசை எழுதினாரு. அன்னைக்கு வாணம் கட்டின மர மண்டபத்துல ஒரு பக்கம் தீப்பிடிச்சிடுச்சு, மண்டபத்தை டிசைன் பண்ண செர்வண்டோனி கோவத்துல பொறுப்பு அதிகாரி மேல வாளை உருவி, கைதாயிட்டாரு. இசை மட்டும் இன்னைக்கு வரைக்கும் வாசிக்கிறாங்க. நம்ம காலத்துல பார்க்கணும்னா கனடாவுல மாண்ட்ரியல் போங்க, 1985ல இருந்து அங்க பல நாட்டுக் குழுக்கள் பாட்டுக்கு வாணம் விட்டுப் போட்டி போடுறாங்க, ஒவ்வொரு குழுவும் அரை மணி நேரம். ஹாபிக்காரங்களுக்கு 1969ல தொடங்கின பைரோடெக்னிக்ஸ் கில்டுன்னு அமெரிக்காவுல ஒரு சங்கம், வருஷா வருஷம் ஆகஸ்ட்ல மாநாடு போடுது. நான் கத்துக்கிட்டதுல பாதி அந்த மாதிரி கூட்டத்துல பெரியவங்க பக்கத்துல உக்காந்து கேட்டதுதான்.

கேள்வி: முதல் ஷோவுக்கு எவ்வளவு செலவாகும், எதுல ஆரம்பிக்கணும்? (டெட்ராய்ட் வாசகி)

பதில்: தனியா பண்ணா கையைக் கடிக்கும், நாலு குடும்பம் சேர்ந்து போட்டா தாங்கும். சிஸ்டம் ஒரு தடவை செலவு, வாணம்தான் வருஷா வருஷம். ஒரு நல்ல 500 கிராம் கேக்கே 40 டாலர்ல இருந்து 100 டாலர் வரைக்கும் போகும், ஜூலை 5க்கு அப்புறம் கடையில விலை இறங்கும், அடுத்த வருஷத்துக்கு அப்ப வாங்கலாம், ஆனா ஈரம் படாம, வீட்டை விட்டுத் தள்ளி வைக்க இடம் இருந்தா மட்டும்.

மூணு நிமிஷப் பாட்டு ஒண்ணு போதும். வாணம் வாங்குறதுக்கு முன்னாடி பாட்டை வாங்கிடுங்கன்னு சொல்லுவேன், அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு, எங்க எழும்புது எங்க அடங்குதுன்னு பேப்பர்ல கோடு போட்டு வைங்க, அப்புறம் அந்தக் கோட்டுக்கு ஏத்த வாணத்தைத் தேடுங்க. முதல் தடவை மைனும் காமெட்டும் கொஞ்சம், கேக் ரெண்டு மூணு, கடைசிக்கு ஒரு வில்லோ. ஷோவுக்கு முன்னாடி பக்கத்து வீட்டுக்காரங்க எல்லார்கிட்டயும் போய் நேரம் சொல்லிடுங்க, போர்ல இருந்து திரும்பி வந்தவங்க, நாய் வச்சிருக்கவங்க, கைக்குழந்தை இருக்குறவங்க இருந்தா அவங்களைக் கேட்டே தேதி வைங்க. யூடியூப்ல போடுறதா இருந்தா பாட்டு உரிமை வச்சிருக்கவங்க வீடியோவைத் தடுக்கலாம், அதுக்கும் தயாரா இருங்க. மறுநாள் விடிஞ்சதும் புல்தரை முழுக்க நடந்து பார்த்து, பத்தாம கிடக்குற துண்டு, அட்டை, பிளாஸ்டிக் எல்லாத்தையும் பொறுக்கி, ராத்திரி பூரா தண்ணியில ஊறப் போட்டுத்தான் குப்பையில போடணும், குழந்தைங்களை அதுக்கு முன்னாடி அந்தப் பக்கம் விடவே விடாதீங்க.